எட்டு வகைக் குளிசை, ஒன்றாகப் பார்க்க ஒரு ஆளில்லை



சம்பளம், கிலோ, கைகாசு என்று எழுத வேண்டிய சங்கப் பத்திரிகை குளிசையைப் பற்றி ஏன் எழுதுகிறது என்று சிலர் கேட்பீர்கள். தொரைமார் நிச்சயமாகக் கேட்பார்கள். அவர்களிடம் தயாராக ஒரு பதிலும் இருக்கிறது. "தோட்டத்துச் சனம் ஒழுங்காக மருந்து குடிப்பதில்லை. சீனியும் பிரஷரும் கூடி விழுந்தால் அது அவர்களுடைய கவனக்குறைவு. அதில் சங்கத்துக்கு என்ன வேலை?"

இந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. மருந்து குடிக்காமல் வருத்தம் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கொடுத்த குளிசையை எல்லாம் கொடுத்தபடியே விழுங்கி, அதனாலேயே விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு குளிசையும் இன்னொரு குளிசையும் ஒரே உடம்புக்குள் சண்டை போடுவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்ல வேண்டியவர்கள் ஒரே இடத்தில் இல்லை, நம்முடைய மொழியில் இல்லை, நமக்கு ஒதுக்கிய இரண்டு நிமிடத்தில் அதற்கு நேரமும் இல்லை. இது ஒரு ஏற்பாட்டின் குறை. ஏற்பாட்டை மாற்றக் கேட்பது சங்கத்தின் வேலை.

ஒரு பைக்குள் எத்தனை கை

ஐம்பத்தைந்து வயதான ஒரு கொழுந்தெடுக்கும் தாயை எடுத்துக்கொள்வோம். எந்தத் தோட்டத்திலும், எந்த லயத்திலும் இவரைக் காணலாம். சீனி வருத்தத்துக்கு மெட்போமின், கிளிக்லசைட். பிரஷருக்கு லொசார்ட்டன், அதோடு சிறுநீரைப் போக்கும் எச்.சி.டி. குளிசை. கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின். இருதயத்துக்கு அஸ்பிரின். இந்த ஆறும் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கிடைத்தவை. இடுப்பு வலிக்கு டவுன் பாமசியில் வாங்கிய டைக்ளோபினக். அது வயிற்றை எரிக்கிறது என்று சொன்னபோது அதே பாமசியில் கொடுத்த ஒமெப்ரசோல். மொத்தம் எட்டு.

எட்டு மருந்தில் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்தால் 28 சோடி வரும். எல்லாச் சோடியும் ஆபத்தானதல்ல. பல சோடிகள் ஒன்றுக்கொன்று உதவி செய்வதற்காகவே சேர்த்துக் கொடுக்கப்படுபவை. ஆனால் எது உதவி, எது ஆபத்து என்று 28 சோடியையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா? கிளினிக் டொக்டர் பாமசி வாங்கியதைக் காணவில்லை. பாமசிக்காரர் கிளினிக் கொப்பியைக் கேட்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டுமே பதியப்படவில்லை. டவுனில் காசு கொடுத்துப் பார்த்த டொக்டரின் துண்டு எங்கோ தொலைந்துவிட்டது. நான்கு கை ஒரு பைக்குள் குளிசை போடுகிறது. பையைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு கை இல்லை.

இடுப்பு வலிக் குளிசையும் சிறுநீரகமும்

மலைநாட்டில் மிகவும் சாதாரணமாக நடக்கும் சண்டையை முதலில் சொல்கிறோம்.

சிறுநீரகத்தை நம் லயத்துத் தண்ணீர் டாங்கியோடு ஒப்பிடலாம். மேலே பீலியிலிருந்து தண்ணீர் வர வேண்டும். உள்ளே வரும் குழாய் திறந்திருக்க வேண்டும். வெளியே போகும் குழாய் அளவாக மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே அழுத்தம் நிற்கும், வடியும் வேலை நடக்கும். சிறுநீரைப் போக்கும் குளிசை பீலித் தண்ணீரையே குறைக்கிறது. லொசார்ட்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகின்றன. இந்த இரண்டும் டொக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது நல்லதைத்தான் செய்யும். சீனி வருத்தக்காரருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றவே லொசார்ட்டன் போன்றவை கொடுக்கப்படுகின்றன. ஆனால் அதற்கு மேல் டைக்ளோபினக் அல்லது இபுபுரொபன் வந்தால் உள்ளே வரும் குழாயும் இறுகிவிடும். வரும் தண்ணீர் குறைவு, வரும் வழி இறுக்கம், போகும் வழி தளர்வு. அழுத்தம் விழுந்துவிடும். சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்திவிடும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாளில், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கொழுந்தெடுத்த நாளில், இது இன்னும் வேகமாக நடக்கும்.

சிறுநீரகம் தளர்ந்தால் கதை அதோடு முடியாது. மெட்போமின் சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பைவிட்டு வெளியேறுகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் அது உடம்பில் தேங்கி, இரத்தம் புளித்துப் போகும் ஆபத்து உண்டு. அதனால்தான் சிறுநீரகம் வடிகட்டும் அளவு 45க்குக் கீழே போனால் மெட்போமினை மறுபடி யோசிக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. அந்த அளவைத் தெரிந்துகொள்ள ஒரு இரத்தப் பரிசோதனை போதும். அந்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்று உங்கள் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பல கொப்பிகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

வொல்டாரன் என்று வாங்கினாலும் அதற்குள் இருப்பது டைக்ளோபினக்தான். புரூபன் என்றால் இபுபுரொபன்தான். பெயர் வேறாக இருப்பதால் மருந்து வேறாகிவிடாது. இவை பிரஷரையும் கூட்டும். அஸ்பிரினோடு சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அது வயிற்றுச் சூடு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளம்.

இப்போது நாம் கேட்கிறோம். இந்தத் தாய் டைக்ளோபினக் ஏன் வாங்கினார்? முதுகில் கொழுந்துச் சுமையோடு செங்குத்தான மலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கியதால் இடுப்பு போய்விட்டது. ஒரு நாள் ஓய்வெடுத்தால் பேர் இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆகவே காலையில் ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வருகிறார். அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது குளிசை என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதலாம். குளிசையை அவர் கையில் கொடுத்தது எது என்பதை அந்தத் துண்டில் எழுத மாட்டார்கள். அதை நாம் இங்கே எழுதுகிறோம்.

சீனி இறங்கினால்

சீனி கூடுவதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சீனி இறங்குவதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் ஆகிய குளிசைகளும் இன்சுலினும் சீனியை இறக்கக்கூடியவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது குளிசைக்குத் தெரியாது. காலையில் குளிசையைப் போட்டு, ஒரு பிளேன்டியோடு மலைக்குப் போய், ரொட்டியைப் பதினொரு மணிக்குச் சாப்பிடலாம் என்று கொழுந்தெடுத்தால், பத்து மணிக்கே கை நடுங்கும், வேர்க்கும், கண் இருளும், பேச்சுக் குழறும். பக்கத்தில் நிற்பவர்கள் வெயில் மயக்கம் என்பார்கள். ஆண்பிள்ளையாக இருந்தால் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பார்கள்.

கிளிபென்கிளமைட் வயதானவர்களுக்கு இந்த விடயத்தில் மிகவும் பொல்லாதது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அந்தக் குளிசை இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்கில் "இதை மாற்றித் தர முடியுமா, டொக்டர்?" என்று கேளுங்கள்.

இந்தக் குளிசைகளோடு வேறு மருந்து சேர்ந்தால் சீனி இன்னும் இறங்கும். சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் அப்படிப்பட்டது. அதே மருந்து லொசார்ட்டன், எனலப்ரில் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டி இருதயத் துடிப்பையே குழப்பும். சிப்ரொபுளொக்சசின் சீனியை இறக்கவும் செய்யும், ஏற்றவும் செய்யும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் புளூக்கொனசோலும் சீனிக் குளிசையின் வேகத்தைக் கூட்டும்.

இங்கேயும் தோழர்களே, மருந்துக்குப் பின்னால் மலை இருக்கிறது. நம் பெண்களுக்குச் சிறுநீர்க் கடுப்பு ஏன் அடிக்கடி வருகிறது? சீனி வருத்தம் ஒரு காரணம். மலையில் மலசலகூடம் இல்லை என்பது இன்னொரு காரணம். ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் தொற்று, தொற்றுக்கு மருந்து, அந்த மருந்தால் சீனி இறக்கம். ஒரு மலசலகூடம் கட்டாத செலவை ஒரு பெண்ணின் உடம்பு கட்டுகிறது.

அட்டெனலோல், புரொப்ரனலோல் போன்ற குளிசைகளைப் பிரஷருக்கோ இருதயத்துக்கோ குடிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் அவை மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் உடம்பு சில்லென்று வேர்த்தால் சீனி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனி இறங்கியவருக்கு நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 1990க்கு அழையுங்கள். குளிசையால் இறங்கிய சீனி தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ஆகவே தெளிந்துவிட்டார் என்று திரும்பவும் மலைக்கு அனுப்ப எந்தக் கங்காணிக்கும் உரிமை இல்லை.

சீனியை ஏற்றும் மருந்துகள்

இழுப்புக்கும் தோல் கடிக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கும் பிரட்னிசலோன், டெக்சாமெதசோன் ஆகிய மருந்துகள் சீனியை ஏற்றும். தேவையான நேரத்தில் அவை உயிரைக் காப்பாற்றும் மருந்துகள், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் "ஒரு ஊசி போட்டால் வலி பறந்துவிடும்" என்று டவுனில் போட்டுக்கொள்ளும் ஊசியில் இருப்பது எது என்று யார் சொல்கிறார்கள்? வலி இரண்டு நாளைக்குப் பறக்கும், சீனி ஒரு வாரத்துக்கு ஏறும். கிளினிக்கில் அந்த ஏறிய சீனியைப் பார்த்து, ஊசி போட்டது தெரியாமல், சீனிக் குளிசையைக் கூட்டுவார்கள். ஊசியின் வேகம் போனதும் கூட்டிய குளிசை சீனியைக் கீழே தள்ளிவிடும். மாதக்கணக்கில் பிரட்னிசலோன் குடித்தவர்கள் அதை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. டொக்டர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சயரோகத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், கிளிக்லசைட் போன்ற குளிசைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சயரோகம் வரும் வாய்ப்பும் கூடுதல். நெருக்கமான லயத்தில், காற்றோட்டமில்லாத ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் நமக்கு இந்த இரண்டு நோயும் ஒரே வீட்டில் சந்திப்பது ஆச்சரியமில்லை. சயரோக மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நெஞ்சுக் கிளினிக்கிலும் சீனிக் கிளினிக்கிலும் இரண்டு மருந்தையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கொலஸ்ட்ரோல் குளிசை போடுபவர்களுக்கு நெஞ்சுச் சளிக்கு எரித்ரோமைசினோ கிளரித்ரோமைசினோ கொடுத்தால் தசை நார் கரையும் ஆபத்து உண்டு. சிம்வஸ்டட்டினோடு இது மிகவும் கடுமையானது. உடம்பெல்லாம் தசை வலிக்கும், சிறுநீர் சாயத் தண்ணீர் நிறத்தில் போகும். கொழுந்தெடுப்பவருக்குத் தசை வலி எந்த நாளும் உள்ளதுதானே? ஆகவே அதை வேலை வலி என்று நினைத்து இன்னொரு டைக்ளோபினக் போடுவார். ஒரு மருந்தின் கெடுதலுக்கு இன்னொரு மருந்து, அதன் கெடுதலுக்கு இன்னொன்று. இப்படித்தான் பை கனக்கிறது.

மெட்போமினை வருடக்கணக்காகக் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். ஒமெப்ரசோலும் நெடுநாள் சேர்ந்தால் இன்னும் குறையலாம். பி12 குறைந்தால் கால் விறைக்கும், எரியும். சீனி வருத்தத்தாலும் கால் விறைக்கும் என்பதால் இதை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. பார்த்தால் இது சரிசெய்யக்கூடியது. கல்லும் முள்ளும் அட்டையும் உள்ள மலையில் உணர்வில்லாத காலோடு நடப்பவருக்கு இது சின்ன விடயமல்ல.

நாட்டு மருந்தும் சாராயமும்

பாவற்காய்க் கறி சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் சீனிக் குளிசையையும் போட்டுவிட்டு, பாவற்காய்ச் சாற்றையும் கோதலஹிம்புட்டுக் கஷாயத்தையும் மருந்தாகக் குடித்தால் இரண்டும் சேர்ந்து சீனியை இறக்கும். குடிப்பதானால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். மறைத்தால் கணக்குத் தப்புவது நம் உடம்பில்தான்.

காமரங்காச் சாறு சீனிக்கு நல்லது என்று ஒரு பேச்சு ஊரில் உலாவுகிறது. அதை நம்பாதீர்கள். காமரங்காயில் உள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். சீனி வருத்தம் உள்ளவர்கள் காமரங்கா சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதாகி வந்ததை நம் நாட்டு வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பிளிம்பிச் சாறும் அதே வகைதான். பஸ் ஸ்டாண்டில் பெயரில்லாத போத்தலில் விற்கும் "சீனிச் சூரணத்தை"யும் தொடாதீர்கள். இப்படியான சூரணங்களுக்குள் இங்கிலீஷ் மருந்தைப் பொடி செய்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

சாராயமும் கசிப்பும் சீனிக் குளிசையோடும் இன்சுலினோடும் சேர்ந்தால் நடு இரவில் சீனி இறங்கும். வெறியில் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விடியும்போது எழுப்ப முடியாது. மெட்போமினோடு சேரும் அதிகக் குடியும் இரத்தம் புளிக்கும் ஆபத்தைக் கூட்டும். சம்பள நாளன்று தோட்டத்து வாசலில் தவறணை திறந்து வைக்க அனுமதிப்பவர்கள், மறுநாள் "குடித்துச் செத்தான்" என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள்.

யாருடைய பொறுப்பு?

கம்பனியிடம் கேட்டால் வைத்தியம் அரசாங்கத்தின் வேலை என்கிறது. அரசாங்க அலுவலகத்தில் கேட்டால் தோட்டத்து ஆட்களுக்குத் தோட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்தப் பந்து நூறு வருடத்துக்கு மேலாக உருளுகிறது. 1912ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் யாருக்கு வருத்தம் என்று தொரை அறிந்திருக்க வேண்டும், உடனே நிவாரணம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கடமை. அவன் நம் மேல் உள்ள அன்பினால் அதைச் செய்யவில்லை. ஆள் விழுந்தால் கொழுந்து விழும் என்று கணக்குப் பார்த்துச் செய்தான். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறிய பிறகு அந்தக் கணக்குக்கூடப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. அரசாங்கம் சில தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்றது. மற்றத் தோட்டங்களில் பூட்டிய கதவும் காலாவதியான போத்தலும் மிஞ்சியிருக்கின்றன.

இந்த நாடு மருந்து விடயத்தில் உலகத்துக்கு வழிகாட்டிய நாடு. 1971இல் அமைந்த அரச ஔடதக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைக் கம்பனி வைத்த பெயரில் அல்ல, அதன் பொதுப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடினார். விலை குறையும் என்பது அதன் ஒரு பயன். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை விழுங்காமல் இருப்பது இன்னொரு பயன். கிளினிக்கில் மெட்போமின், டவுனில் குளுகோபேஜ் என்று வாங்கி இரட்டிப்பாகக் குடிப்பவர்கள் நம்மிடையே இருப்பது, அவர் சொன்னது தோட்டம் வரை வந்து சேரவில்லை என்பதையே காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் வந்தது. ஆனாலும் வெள்ளை உறைக்குள் பெயரில்லாமல் வெட்டிப் போட்ட குளிசை இன்னும் நம் கைக்கு வருகிறது.

மொழியையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் அரச கரும மொழியாக்கியது. குளிசை உறையில் "சாப்பாட்டுக்கு முன்", "சாப்பாட்டுக்குப் பின்", "வலிக் குளிசையோடு சேர்க்க வேண்டாம்" என்று தமிழில் எழுத எத்தனை வருடம் வேண்டும்? வாசிக்க முடியாத உறையைக் கொடுத்துவிட்டு "கவனமில்லாத சனம்" என்று ஏசுவது எந்த நியாயம்?

நமது கோரிக்கைகள்

ஒன்று: கிளினிக் நாளுக்கு முழுப் பேர் வேண்டும். கிளினிக் கொப்பியில் உள்ள முத்திரை போதுமான சாட்சி. இன்று கிளினிக்குக்குப் போனால் பேர் போகிறது, ஆட்டோக் காசும் போகிறது. அதனால்தான் ஆட்கள் கிளினிக்கை விட்டுப் பாமசிக்குப் போகிறார்கள்.

இரண்டு: தோட்ட டிஸ்பென்சரிகள் சுகாதார அமைச்சின் கீழ் வர வேண்டும். மாதம் ஒரு தடவையாவது அரசாங்க டொக்டர் தோட்டத்துக்கு வந்து, ஒவ்வொருவருடைய மருந்து முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

மூன்று: சீனி, பிரஷர் மருந்து குடிக்கும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரகப் பரிசோதனை செய்து, அந்த எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும்.

நான்கு: உறையிலும் கொப்பியிலும் மருந்தின் பொதுப் பெயரும், குடிக்கும் முறையும் தமிழில் இருக்க வேண்டும். டொக்டர் துண்டு இல்லாமல் டைக்ளோபினக், பிரட்னிசலோன் விற்கும் கடைகள் மேல் நடவடிக்கை வேண்டும்.

ஐந்து: கொழுந்து மடுவத்தில் சீனி பார்க்கும் மெஷினும் குளுக்கோசும் இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு நேரம் வேண்டும். மலைக்குப் பக்கத்தில் தண்ணீரும் மலசலகூடமும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே இன்றே செய்யக்கூடியதைச் செய்வோம்.

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், பாமசியில் வாங்கியதையும் கஷாயத்தையும் சேர்த்து, ஒரே பையில் போடுங்கள். டொக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பையைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி ஒவ்வொரு குளிசையின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள். பாமசியில் எதை வாங்கினாலும் முதலில் "எனக்குச் சீனியும் பிரஷரும் இருக்கு, இது சரிவருமா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட குளிசை உங்களுக்குக் கேட்காது, கடன் வாங்காதீர்கள்.

சாதாரண வலிக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் குடிப்பவர்களும் அந்த அளவையும் டொக்டரிடம் கேட்டே போட வேண்டும். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து சாப்பிட முடியாமல் போனால் அன்றைக்கே டொக்டரைப் பார்த்து, மெட்போமினையும் பிரஷர் குளிசைகளையும் தொடர்வதா நிறுத்தி வைப்பதா என்று கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுப் பயந்து எந்தக் குளிசையையும் வீசிவிடாதீர்கள். மருந்து நமக்குத் தேவை. அதை ஒன்றாகப் பார்க்க ஒரு ஆள் தேவை என்றுதான் கேட்கிறோம்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கணக்கெடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் தோட்டத்தில் சீனி, பிரஷர் மருந்து குடிப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குக் கடந்த ஒரு வருடத்துக்குள் சிறுநீரகப் பரிசோதனை செய்யப்பட்டது? கிளினிக்குக்குப் போனதால் எத்தனை பேர் இழந்திருக்கிறார்கள், எத்தனை நாள்? பெயர் விபரம் வேண்டாம், தொகை போதும். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு நிர்வாகத்தோடும் சுகாதார அதிகாரிகளோடும் நாம் பேசுவோம். கவனமில்லாத சனம் யார் என்பதை அந்த மேசையில் தீர்த்துக்கொள்வோம்.